படத்துக்குக் கீழே இரண்டு வருஷம்

3-12-2008, புதன்

இன்ஜின் கேஸ்கட் வாங்க ராமநாதபுரம் போனேன். கடைக்காரர் மூன்று தடவை தப்பான அளவை எடுத்து வந்தார். நாலாவது தடவை நானே உள்ளே நுழைந்து எடுத்துக்கொண்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டார். தூக்கட்டும். அதற்குள் பஸ் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஏதாவது கொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, பனியனைப் படிக்கிறார். மேலே ‘சண்முகவள்ளி காபி கிளப், பாம்பன்’, நடுவில் ஒரு டம்ளர், கீழே ‘பால் இல்லை’. ரோட்டை அகலப்படுத்தியபோது இடித்துவிட்ட கடை. எந்த நேரம் போனாலும் வாசலில் ‘பால் இல்லை’ என்று ஒரு சிலேட்டு தொங்கும். கேலிக்காக நானே அச்சடித்து நானே போட்டுக்கொண்டது.

“பாம்பனுக்கு மேட்ச் ஆட வாரப்பல்லாம் அந்தச் சிலேட்டுக்குக் கீழதான் உக்காந்திருப்போம் தம்பி. இதைக் கழட்டிக் குடுங்க” என்றார்.

கழட்டிக் கொடுத்துவிட்டு நான் எதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது? போன் நம்பரைக் கொடுத்தேன். பெயர் அகமது கபீர். கீழக்கரை. ஷார்ஜாவில் வேலை, இப்போது லீவு.

அந்தக் கடையில் ஒரு தடவை காபி குடித்தவன் மறுதடவை குடித்ததில்லை. இல்லாமல் போனதும் எங்கிருந்து வருகிறது இவ்வளவு பாசம்?

7-12-2008, ஞாயிறு

கபீர் அறைக்கே வந்துவிட்டார். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். திருப்பூரில் எட்டு மாதம் இருந்தபோது கற்றுக்கொண்ட ஸ்கிரீன் பிரின்டிங் இது, என் தொழில் இன்ஜின் ரிப்பேர், மெக்கானிக்கலில் டிப்ளமா, பகலெல்லாம் கூத்தையா பட்டறையில் இருப்பேன் என்று முதலிலேயே சொன்னேன். அவர் காதில் விழவில்லை. ‘மூன் ஸ்டார் கால்பந்து கிளப்’ என்று ஒரு பழைய ரசீது நோட்டைப் பிரித்து வைத்தார். 1979-இல் ஆரம்பித்தது. 1993-இல் ஆளுக்கொரு நாட்டுக்குப் போய், ஆட ஆள் இல்லாமல் நின்றுபோனது. அந்த ஆட்கள் பாதிப்பேர் இப்போது ஷார்ஜாவிலும் துபாயிலும் இருக்கிறார்களாம். அறுபது பனியன் வேண்டும். ஜனவரி 29 விமானம்.

பிறை, நட்சத்திரம், பந்து. கீழே 1979 – 1993. வரைந்து காட்டினேன். இரண்டு வருஷத்தையும் போட்டதும் பழைய கம்பெனி முத்திரை மாதிரி ஒரு கம்பீரம் வந்துவிட்டது. காக்கா விரல்விட்டு எண்ணினார். அப்புறம், “பதினாலு வருசம்தானா ஆடுனோம்?” என்றார்.

கணக்குச் சரிதான் என்றேன்.

21-12-2008

திருப்பூர்ச் சரக்கு வரவில்லை. கேட்டால் மழையாம். பாம்பனில் பெய்த மழைக்குத் திருப்பூரில் என்ன?

4-1-2009, ஞாயிறு

விஷயம் பாம்பன் முழுக்கப் பரவிவிட்டது. இன்று பூசை முடிந்ததும் அருளானந்தம் அண்ணன் வந்தார். எங்கள் பட்டறைக்கு வழக்கமாக வரும் மரியதாஸ் அண்ணனின் மச்சினர், இருவருக்கும் ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழில். குடியரசு தினத்தன்று பழைய ஆட்களை வைத்து ஒரு வாலிபால் மேட்ச் நடத்தப்போகிறார்கள். அவர்களுடைய ‘கலங்கரை வாலிபால் கிளப்’ 1974 முதல் 1988 வரை இருந்ததாம். பதினைந்து பனியன்.

“கீழக்கரைக்காரனுக்கு நிலா போட்டியாம்ல. எங்களுக்குக் கேப்டன் படத்தையே போட்டுரு டிப்ளமா” என்றார். இந்த ஊரில் எனக்குப் பெயரே அதுதான். பூமிநாதன் என்று கூப்பிடுகிறவர்கள் போஸ்ட்மேனும் என் அம்மாவும்.

கேப்டன் மரியதாஸ் அண்ணன்தான். படம் வாங்க வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜோதிமேரி அக்கா, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த டீம் போட்டோவைத் தானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார். “கண்ணாடி ஒடைஞ்சா ஒன்னைய ஒடைச்சிருவேன்.” அந்தப் போட்டோவில் மரியதாஸ் அண்ணனுக்கு என் வயது. வலைக்கு மேலே முழங்கை வரை தெரிகிறது. நம்ப முடியவில்லை. இப்போது வள்ளத்தில் ஏறவே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்.

12-1-2009

சரக்கு வந்தது. எழுபத்தைந்தில் ஒன்பது ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. திருப்பி அனுப்ப நேரம் இல்லை. பொங்கல் வேறு வருகிறது. ஊரிலிருந்து அம்மா போன். வரமுடியாது என்றேன். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது, செத்துப்போன டீமுக்குச் சட்டை தைக்கிறேன் என்றா?

17-1-2009, சனி

வாடைக் காற்று விடாமல் அடிக்கிறது. காயப்போட்ட பனியன் எல்லாவற்றிலும் மணல். மூன் ஸ்டார் இருபத்தெட்டு முடிந்தது. காக்கா தினம் இரண்டு போன். எடுக்காவிட்டால் மூன்று.

20-1-2009, செவ்வாய்

நேற்று மரியதாஸ் அண்ணன் இன்ஜின் அதிர்கிறது என்று வள்ளத்தைக் கரையோரம் கொண்டுவந்து போட்டார். இன்ஜினையும் தண்ணீருக்குள் சுற்றுகிற காத்தாடியின் ஷாஃப்ட்டையும் சேர்க்கிற தட்டில் நாலு போல்ட். இரண்டில் விரிசல். போட வேண்டியது ஹைடென்சில் போல்ட், தலையில் 8.8 என்று குத்தியிருக்கும். பட்டறையில் இல்லை. ராமநாதபுரம் போய்வந்தால் அரை நாள் போகும். இங்கே ஸ்கிரீன் கழுவாமல் கிடக்கிறது, இன்னும் முப்பது பனியன் பாக்கி.

டப்பாவில் கிடந்த சாதாரண போல்ட் இரண்டைப் போட்டு இறுக்கினேன். அதிர்வு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மாற்றிவிட வேண்டும்.

“தொழிலுக்குப் போலாமாடா?”

“போங்கண்ணே. தாங்கும்.”

சாயங்காலம் கலங்கரை பனியன் ஒன்று மாதிரிக்கு அச்சடித்துக் கொண்டுபோனேன். நன்றாக வந்திருந்தது. எழும்பி நிற்கும் அண்ணன், பின்னால் கலங்கரை விளக்கம், கீழே 1974 – 1988. அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, அப்போதே மாட்டிக்கொண்டார். வயிற்றில் இழுத்துப் பிடித்தது. அக்காதான் அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“படத்துக்குக் கீழ ரெண்டு வருசம் போட்டா என்ன அர்த்தம்னு ஒனக்குத் தெரியாதா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாலத்துக்குக் கீழே, பஸ் ஸ்டாப் சுவரில், எங்கே பார்த்தாலும் ஒட்டியிருப்பதுதான். ஒரு முகம், கீழே பிறந்த வருஷம், ஒரு கோடு, செத்த வருஷம். மூன் ஸ்டாரில் முகம் கிடையாது, நிலாதான். அதனால் தெரியவில்லை. இது டீமின் வருஷம் அக்கா என்று விளக்கினேன். ஒரு பனியனுக்கு இத்தனை விளக்கமா என்று எனக்கே எரிச்சல்.

அண்ணன், “டீம் செத்த வருசம்டி அது. நான் சாகல” என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. “கழட்டுங்க.”

அவர் கழற்றவில்லை.

21-1-2009, புதன்

காலையிலேயே கலங்கரை பனியன் மிச்சம் பதினாலையும் அச்சடித்து முடித்தேன். மத்தியானம் வள்ளங்கள் கிளம்பின. மரியதாஸ் அண்ணன், அருளானந்தம் அண்ணன், இன்னும் இரண்டு பேர். பனியனைப் போட்டுக்கொண்டுதான் போனார். எல்லோருக்கும் திரும்பித் திரும்பிக் காட்டினார்.

இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது.

22-1-2009, வியாழன்

மற்ற வள்ளமெல்லாம் காலையிலேயே வந்துவிட்டன. மரியதாஸ் அண்ணன் வள்ளம் வரவில்லை. நிறைய மீன் பட்டிருக்கும், வலையைப் பிரிக்க நேரமாகும். பத்து மணிக்கு வரும்.

பத்துக்கு வரவில்லை.

இரண்டுக்கும் வரவில்லை.

போல்ட்.

22-1, மறுபடியும்

என்னென்ன நடக்கலாம் என்று வரிசையாக யோசித்துவிட்டால் பயம் குறையும். படித்தவன்தானே நான். டீசல் தீர்ந்திருக்கலாம் – அண்ணன் எப்போதும் ஒரு கேன் அதிகம் கொண்டுபோவார். வலை காத்தாடியில் சுற்றியிருக்கலாம் – அருளானந்தம் அண்ணன் முங்கி அறுத்துவிடுவார். எல்லை தாண்டிவிட்டார்கள் என்று அக்கரை இலங்கைக்காரர்கள் பிடித்திருக்கலாம். போல்ட் வெட்டுப்பட்டிருக்கலாம். இரண்டு போனால் மிச்ச இரண்டும் பாரம் தாங்காமல் போகும். போனால் இன்ஜின் ஓடும், காத்தாடி சுற்றாது. வள்ளம் காற்று போகிற பக்கம் போகும். முன்னேயென்றால் பாய்மரம் இருந்தது, இன்ஜின் வந்தபிறகு அதையெல்லாம் யார் ஏற்றுகிறார்கள்?

பயம் குறையவில்லை.

சாதாரண போல்ட் அந்தப் பாரத்தில் பாதியைக்கூடத் தாங்காது. மூன்றாம் செமஸ்டர் பாடம். பரீட்சையில் எழுதியிருக்கிறேன், முழு மார்க்.

23-1-2009, வெள்ளி

காலையில் கரைக்குப் போனேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போல்ட்டைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று நினைத்தேன். அது இல்லை. பனியன். ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரேயே சொன்னார், உசுரோட இருக்கிற மனுசனுக்கு அஞ்சலி அடிச்சுக் குடுத்து கடலுக்கு அனுப்பிவிட்டான்னு. பெண்கள் எல்லாம் கரைமேல் உள்ள குருசடியில், சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜோதிமேரி அக்கா நடுவில். என்னைப் பார்க்கவே இல்லை.

கடைசியாகப் பார்த்தவர்கள், இருட்டுகிற நேரம் தென்கிழக்கே அவர்கள் விளக்கைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டார்கள். எல்லைப்பக்கம் போய்ப் பிடிபட்டாச்சு. தேடிப் பிரயோசனம் இல்லை. மனு எழுத வேண்டும், அங்கிருந்து தகவல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் சண்டை நடக்கிற நேரத்தில் தேடப்போகிற வள்ளத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஒரு வள்ளம்கூடத் தேடப் போகவில்லை.

பட்டறையில் கூத்தையாவிடம் சொன்னேன். முதலாளியிடம் முதலில் சொல்வதுதான் முறை. அவர் பீடியை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“ஏலே, வாயப் பொத்திக்கிட்டு இரு. பனியனத்தான கொறை சொல்றாக? சொல்லிட்டுப் போகட்டும். பனியனுக்காக எவனும் பட்டறையப் பூட்ட மாட்டான்.”

“அவங்க கடல்ல கெடந்தா?”

“கெடந்தா எவனாச்சும் பாப்பான். இல்ல, புடிச்சிருந்தா திரும்பி வருவாக. ரெண்டுல எதுன்னாலும் ஒன் போல்ட்டு எங்கன வருது?”

எங்கன வருதா? புடிச்சிட்டுப் போயிட்டாகன்னு நெனச்சு யாரும் தேடல. நான் வாயத் தொறக்காத ஒவ்வொரு மணிநேரமும் வள்ளம் எவ்வளவு தூரம் போகும்? மணிக்கு அரைக் கடல்மைல்னு வச்சாக்கூட ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல. தண்ணி ஒரு கேன்தான் வச்சிருப்பாக. நாலு பேரு. இதெல்லாம் கணக்குப் போடத் தெரியுது எனக்கு. நல்லாத் தெரியுது.

பனியன் பேர்ல பழி கெடக்குறது எனக்கு வசதி. அதான் உண்மை. காலையில கரையில அந்தப் பெரியவர் பேசினப்ப எனக்குள்ள ஒரு ஓரத்துல அப்பாடான்னு இருந்துச்சு. எழுதிவச்சிடுறேன் இங்கயாவது.

அதே நாள், சாயங்காலம்

சொல்லிவிட்டேன்.

நேராகக் குருசடிக்குப் போனேன். செபமாலை முடியட்டும் என்று நிற்கப் பொறுமை இல்லை. நடுவிலேயே சொன்னேன். அக்கா, அண்ணனைப் பிடிச்சிட்டுப் போயிருக்க மாட்டாங்க. நான் போட்ட போல்ட் சரியில்ல. வெட்டிப்போயிருக்கும். காத்தாடி சுத்தாது. அவசரத்துல சாதாரண போல்ட்டப் போட்டுட்டுத் தாங்கும்னு சொன்னேன். பனியன் அடிக்கிற அவசரம்.

எப்படிச் சொன்னேன் என்று இப்போது எழுதினால் ஒழுங்காக இருக்கிறது. அங்கே இந்த வரிசையில் வரவில்லை. பனியன் என்று ஆரம்பித்துப் போல்ட் என்று முடித்து மறுபடி பனியனுக்குப் போனேன்.

ஆண்கள் ஓடிவந்தார்கள். அருளானந்தம் அண்ணனின் தம்பி என் சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டார். காதுக்குள் இன்னும் விசில் அடிக்கிறது. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது ஜோதிமேரி அக்கா எழுந்து வந்தார். அவர்தான் அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

“நெசமா? போல்ட்டுதானா? நிச்சயமாச் சொல்லு.”

நிச்சயம்தான் என்றேன்.

“அப்பப் புடிச்சிட்டுப் போகல. கடல்லதான கெடக்காக?” அவர் முகத்தில் வந்ததை என்னவென்று சொல்ல? என் தப்பு அவருக்கு நல்ல செய்தியாக இருந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “வாடை எந்தப் பக்கம்டா கொண்டுபோகும்? எந்தப் பக்கம்? ஏன் எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கீக?”

தென்மேற்கு. கீழக்கரைக்கு வெளியே, அதையும் தாண்டி. எல்லைக்கு நேர் எதிர்ப்பக்கம். இரண்டு நாளாக யாரும் பார்க்காத பக்கம்.

ஆறு வள்ளம் விடிகிறபோது கிளம்புகிறது. நானும் வாரேன்னு சொன்னேன். நீ எதுக்கு என்று கேட்டார்கள். ஆனாலும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

கபீர் காக்காவுக்குப் போன் போட்டேன். பனியன் என்று ஆரம்பித்தார். நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பனியனை அத்தோடு விட்டார். “ஏர்வாடி, வாலிநோக்கம் ரெண்டு கரையிலயும் நம்ம ஆளுக இருக்காக. இப்பவே பேசுறேன். துஆ செய்யிங்க தம்பி” என்றார். எனக்குப் பிரார்த்திக்கிற பழக்கம் இல்லை. சரி என்றேன்.

24-1-2009, சனி

எழுத்து எனக்கே படிக்க வராது.

நாள் முழுக்கக் கடல். டிப்ளமாவில் கடல் கிடையாது. போய் அரை மணியில் வாந்தி, அப்புறம் வெறும் குமட்டல். இத்தனை வருஷம் வள்ளத்து இன்ஜினைப் பிரித்துப் போட்டவன், ஒரு வள்ளத்திலும் கரை மறைகிற தூரம் போனதில்லை. கரையில் நிற்கும்போது ‘தாங்கும்’ என்று சொல்வது சுலபம். கரை மறைந்ததும் அந்த வள்ளத்தில் அந்த ஷாஃப்ட் சுற்றுகிற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் என் காதில் விழவில்லை. அது யார் போட்ட போல்ட்? ஞாபகம் இல்லை. நானாகத்தான் இருக்கும்.

என்னிடம் யாரும் பேசவில்லை. மத்தியானம் மட்டும் கஞ்சிச் சட்டியை என் பக்கம் தள்ளினார்கள்.

ஒன்றும் தென்படவில்லை. டீசலுக்காகத் திரும்பினோம். அக்கா கரையில் நின்றிருந்தார். வள்ளத்தை எண்ணினார். ஆறு. உட்கார்ந்துவிட்டார்.

நான் சொன்ன பக்கம் தப்பாக இருந்தால்?

25-1-2009, ஞாயிறு

கிடைத்துவிட்டார்கள்.

காலை எட்டே முக்காலுக்குக் காக்கா போன். வாலிநோக்கத்துக்குத் தெற்கே, கரை தெரியாத தூரத்தில், அந்த ஊர் வள்ளம் ஒன்று கண்டது. நாலு பேரும் இருக்கிறார்கள். இருக்காங்க. உசுரோட இருக்காங்க. நான் போனை வைத்துவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. குருசடியில் போய் நின்று நாலு விரலைக் காட்டினேன். அக்கா என் கையைப் பிடித்து விரலை எண்ணினார்.

26-1-2009, திங்கள்

மேட்ச் நடக்கவில்லை. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் நாலு பேருக்கும் குளுக்கோஸ் ஏறுகிறது. அருளானந்தம் அண்ணனுக்கு உதடு வெடித்துப் பேச முடியவில்லை.

போன முதல் இரவே போல்ட் போயிருக்கிறது. நங்கூரம் போட்டுப் பார்த்தார்கள், ஆழம் எட்டவில்லை. இரண்டாம் நாள் தண்ணீர் தீர்ந்தது. மூன்றாம் நாள் கப்பல் ஒன்று தூரத்தில் போனது. மரியதாஸ் அண்ணன் பனியனைக் கழற்றித் துடுப்பில் கட்டி ஆட்டினாராம். கப்பல்காரன் பார்க்கவில்லை. அதை இறக்காமல் அப்படியே கட்டி வைத்திருந்தார்கள். வாலிநோக்கத்துக்காரன் முதலில் பார்த்தது அதைத்தான்.

இதை வார்டில் யாரோ சொன்னார்கள். அண்ணன் தலையணைக்குக் கீழே கையை விட்டு, துருப்பிடித்த இரண்டு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். போல்ட்டின் தலை. இரண்டிலும் நம்பர் கிடையாது.

“ஒன் சாமான். நாலு போச்சு, இந்த ரெண்டும் ஒன்னோடது. நீ போகலாம்.”

வந்துவிட்டேன்.

29-1-2009

காக்கா விமானம் ஏறியிருப்பார். நாற்பத்து மூன்றுதான் கொடுக்க முடிந்தது. குறை சொல்லவில்லை.

5-2-2009

பத்து நாளாக ஒரு வள்ளத்து இன்ஜினும் என் கைக்கு வரவில்லை. பட்டறைக்கு வருகிறார்கள், என்னைப் பார்த்ததும், “கூத்தையாண்ணே இல்லையா? அப்புறமா வாரோம்” என்கிறார்கள். கூத்தையா என்னைப் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. “வாயப் பொத்தச் சொன்னேன்ல” என்று இரண்டு தரம் சொன்னார், அவ்வளவுதான். பழைய பம்ப் செட் மோட்டாரைக் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கிறார். யாருடையது என்று கேட்டேன். யாருடையதும் இல்லையாம்.

கலங்கரை பனியன் பதினாலு அறையில் கட்டாகக் கிடக்கிறது. எரிக்கலாமா? முகம் போட்டது. எரிக்கவும் பயமாக இருக்கிறது. நானா இது?

14-2-2009

காக்கா ஷார்ஜாவிலிருந்து போன். எல்லோரும் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார்களாம். கம்பெனி கம்பெனியாக ஆளைக் குறைக்கிறார்கள், மூன் ஸ்டாரில் பதினோரு பேர் ஊர் திரும்புகிறார்கள், அவரும் அதில் ஒருவர். “இன்ஷா அல்லாஹ், ஒரு டீமுக்கு ஆள் சேந்துருச்சு தம்பி. நீங்க போட்ட அந்தத் தொண்ணூத்து மூணத்தான் என்ன செய்யிறதுன்னு தெரியல” என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை அவருக்கு.

22-2-2009

ராமநாதபுரம் போய் 8.8 போல்ட் எல்லா அளவிலும் ஒரு டப்பா வாங்கி வந்தேன். கடைக்காரர் எடுத்துத் தருகிறவரை வெளியே நின்றேன். என் கைக்காசு. யாரும் கேட்கவில்லை.

15-3-2009, ஞாயிறு

மேட்ச் இன்று நடந்தது. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அருளானந்தம் அண்ணன் ஆள் அனுப்பினார், பதினாலையும் கொண்டுவரச் சொல்லி. பழைய பள்ளிக்கூட மைதானம். கட்டைப் பிரித்து வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். ஒருவரும் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மரியதாஸ் அண்ணன் அப்புறம்தான் வந்தார், அதே பனியனில். துடுப்பில் இரண்டு நாள் காற்றில் கிடந்து கலங்கரை விளக்கம் பாதி உதிர்ந்துபோயிருந்தது. முகம் இருந்தது. கீழே 1974, கோடு. அதற்கப்புறம் நீலம். வலை பொத்துகிற நைலான் நூலால் முடிச்சு முடிச்சாக, ஒரு கண்ணி விடாமல், இரண்டாவது வருஷத்தின்மேல் பொத்தியிருந்தது. 1988 இருந்த தடமே தெரியவில்லை. இந்தக் கரையில் கிழிந்த வலையை இப்படித்தான் பொத்துவார்கள்.

ஜோதிமேரி அக்கா கையில் ஊசியும் அந்த நீல நூலும் இருந்தன. என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“எத்தனை?”

“பதினாலு.”

“எடுத்துக் குடு ஒவ்வொண்ணா. நீ அடிச்சு வச்சத நான் பொத்தணும்.”

பதினாலையும் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் பொத்தி முடிக்கிறவரை மேட்ச் தொடங்கவில்லை. ஒவ்வொரு பனியனையும் நான்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரலில் ஊசி இரண்டு தரம் குத்தியது, ஒன்று வேண்டுமென்றே என்று நினைக்கிறேன்.

கலங்கரை தோற்றது. மூன்று செட்டிலும். அண்ணன் ஒரு பந்துக்கும் எழும்பவில்லை.

போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார், “நாளைக்கு ஷாஃப்ட்டு பிரிக்கணும். காலையில வா.”

16-3-2009, திங்கள்

நாலு போல்ட், நாலும் புதுசு. இறுக்கிவிட்டு எழுந்தேன். அண்ணன் கையை நீட்டினார். ஸ்பேனரைக் கொடுத்தேன். குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தலையிலும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். நம்பர் இருக்கிறதா என்று. பிறகு நாலையும் தானே ஒருமுறை இறுக்கினார். மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால், என்னைச் சோதிக்கிறீர்களா என்று ஸ்பேனரைப் பிடுங்கியிருப்பேன். நாலும் முடிகிறவரை நின்றேன். நேரமானது. ஆகட்டும்.

“தாங்குமா?” என்றார்.

செருப்பைக் கரையில் விட்டுவிட்டு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

கரை மறைவதற்குள் வாந்தி. அண்ணன் கஞ்சிச் சட்டியை நகர்த்தி வைத்தார், அதில் பட்டுவிடக்கூடாதாம்.